ஒன்று ஐம்பது யோங்போ பேருந்து

தாக் மல்சுன் 1960-ஆம் ஆண்டு நவம்பரில் பிறந்தாள். ஊர் டோன்கோல், ஹாசோங் நகரத்திலிருந்து மலைப்பாதையில் பேருந்தில் இரண்டு மணி நேரம். வீட்டில் நான்காவது பெண். மல்சுன் என்றால் கடைசிப் பெண். இத்தோடு போதும் என்று வைத்த பெயர். "பேருக்கு ஒரு மரியாதை வேண்டாமா? இவளுக்கு அப்புறமும் ஒண்ணு பொண்ணா வந்து நின்னுச்சு" என்று தாயார் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சரிவு நிலம், மிளகாயும் சோளமும். தகப்பனார் இறந்த வருடம் நடுநிலைப் பள்ளியோடு படிப்பு நின்றது. பதினேழு வயதில் ஹாசோங் வெளியூர்ப் பேருந்து நிறுவனத்தில் நடத்துநராகச் சேர்ந்தாள். நீலச் சட்டை, நீலத் தொப்பி, தோளில் காசுப் பை. கடைசி ஆளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தி, வண்டியின் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டி "ஓராய்!" என்று கத்தினால் வண்டி நகரும். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பெண்களுக்கு விடுதி. ஓர் அறையில் எட்டுப் பேர். அவளுக்குக் கொடுத்தது டோன்கோல் தடம், அவள் சொந்த ஊர் தடம்.

அந்தத் தடத்தில் மருத்துவர் கிடையாது. ஆகவே அந்தப் பேருந்துதான் மருத்துவ ஊர்தி. பிரசவ வலி எடுத்தவர்களையும், கதிர் அரிவாளில் விரலை இழந்தவர்களையும், பூச்சிமருந்து குடித்தவர்களையும் போர்வையில் சுற்றி அதில்தான் ஏற்றுவார்கள். 1981 இலையுதிர் காலத்தில் ஒரு விவசாயிக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. ஓட்டுநர் மா வழியில் எந்த நிறுத்தத்திலும் நிற்காமல் ஹாசோங் மருத்துவமனை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். ஆள் பிழைத்தார். அன்று பணியில் இருந்த இளம் மருத்துவர் வெளியே வந்து, "இன்னும் அரை மணி நேரம் ஆகியிருந்தா கஷ்டம்தான். நல்ல வேலை செஞ்சீங்க" என்றார்.

மல்சுன் கேட்டாள்: "எங்க பக்கம் டாக்டர் யாரும் வரமாட்டீங்களா சார்?"

"எதுக்கும்மா? அதான் இவ்வளவு நல்ல பஸ் வெச்சிருக்கீங்களே."

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். திரும்பி வரும் வழியெல்லாம் மல்சுன் டிக்கெட் கேட்கும் ஒவ்வொருவரிடமும் எரிந்து விழுந்தாள் என்று மா பிறகு சொன்னார். டோன்கோல் வந்து சேர்ந்ததும் அவரிடம், "ஏத்திக்கிட்டுப் போறது போதும் அண்ணே. வந்து இறங்கற இடத்துல நான் இருக்கணும்" என்றாளாம். மாவுக்கு முதலில் புரியவில்லை. விடுதிக் கண்காணிப்பாளர் வேலைக்கு ஆசைப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

உயர்நிலைப் பள்ளிக்குச் சமமான தகுதித் தேர்வை இரண்டாவது முயற்சியில் முடித்தாள். அதன் பிறகு பல்கலைக்கழகத் தேர்வுக்கான பாடங்கள். ஓட்டுநருக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடி சூடாக இருக்கும். குளிர்காலத்தில் வண்டி காலியாகப் போகும்போது அதன்மேல் உட்கார்ந்து படிப்பாள். வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே வேதியியல் அட்டை ஒன்றை ஒட்டியிருந்தாள். மா ஓட்டிக்கொண்டே கேள்வி கேட்பார்.

"சோடியத்துக்கு அப்புறம்?"

"மக்னீசியம்."

"சரியா?"

"நீங்கதானே அட்டையைப் பார்க்கறீங்க அண்ணே?"

"நான் ரோட்டைப் பார்ப்பேனா, அட்டையைப் பார்ப்பேனா? நீயே சரின்னு வெச்சுக்க."

விடுதித் தோழிகளில் இருவர் இந்தக் கதைக்கு வேண்டும். கூ மிஜா யோங்போ தடத்தில் இருந்தாள். போக்ஹி சாங்னே தடத்தில். இருவரும் அவளை "டாக்டரம்மா" என்றுதான் கூப்பிட்டார்கள். கேலிதான். ஆனால் அவள் படிக்கும்போது பாத்திரம் கழுவும் முறை அவளுக்கு வந்தால் அவர்களே கழுவினார்கள்.

1984 நவம்பரில் எழுதிய தேர்வில் மல்சுனுக்கு 340-க்கு 281 கிடைத்தது.

அந்த ஆண்டுகளின் முறை இதுதான். முதலில் நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு. மதிப்பெண் தெரிந்த பிறகு ஜனவரியில் விண்ணப்பம். ஒருவர் ஒரே பல்கலைக்கழகத்துக்குத்தான் விண்ணப்பிக்கலாம். கொடுத்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே மதிப்பெண் வாங்குவது பாதி வேலை. எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்பது மறுபாதி. பயிற்சி நிலையங்கள், சென்ற ஆண்டு எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்த மதிப்பெண் வரை இடம் கிடைத்தது என்று ஒரு பெரிய தாளில் அச்சிட்டு விற்கும். எல்லா வீட்டுச் சுவரிலும் அது தொங்கும். விண்ணப்பம் வாங்கும் நாட்களில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும், இதுவரை எத்தனை பேர் கொடுத்திருக்கிறார்கள் என்று பலகையில் எழுதி வைக்கும். ஹாசோங் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பிரிவுக்கான அந்தப் பலகையை எழுதும் வேலையும் விண்ணப்பம் வாங்கும் வேலையும் என்னுடையவை.

மல்சுனுக்கு எட்டக்கூடிய மருத்துவக் கல்லூரிகள் மூன்று. எங்கள் ஹாசோங்கில் சென்ற ஆண்டுக் கடைசி மதிப்பெண் 284. மலைக்கு அப்பால் சாங்னேயில் 279. துறைமுகமான யோங்போவில் 275. மூன்றிலும் நூற்றிருபது இடங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்றால் ஆசிரியர் சொல்வார், தகப்பன் சொல்வார். அவளுக்கு விடுதியே கூடிச் சொன்னது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? யோங்போதான். ஆறு மார்க்கு மிச்சம் இருக்கு உனக்கு" என்றாள் மிஜா.

"யோங்போல ஒரே மீன் நாத்தம்" என்றாள் போக்ஹி.

"பொணத்தை அறுக்கப் போறவளுக்கு மீன் நாத்தம் ஒரு கேடா?"

மல்சுனுக்கு இன்னொரு வருடம் காத்திருக்க வழி இல்லை. ஏப்ரல் முதல் எல்லா வண்டிகளிலும் தானாக மூடும் கதவும் காசுப் பெட்டியும் பொருத்தப்போவதாக நிறுவனம் அறிவித்திருந்தது. நடத்துநர் வேலை போகும். வேலையோடு விடுதியும் போகும். பூசானில் செருப்புத் தொழிற்சாலையில் இருந்த அக்கா, மார்ச்சிலிருந்து அவளுக்கு ஓர் இடம் சொல்லி வைத்திருந்தாள். அங்கே பன்னிரண்டு மணி நேரம் நின்று பசை தடவ வேண்டும். போனால் படிப்பு முடிந்தது. இது அவளுக்கும் தெரியும், அறையில் எல்லோருக்கும் தெரியும்.

மூன்று பல்கலைக்கழகங்களின் விண்ணப்பத் தாள்களையும் வாங்கியிருந்தாள். ஆனால் மருத்துவச் சான்று ஒன்றுதான். நல்ல புகைப்படமும் ஒன்றுதான் மிச்சம். கடைசி நாளுக்கு முதல் நாள் மாலை மிஜாதான் யோங்போ விண்ணப்பத்தில் படத்தை ஒட்டி, "ஒட்டிக்கிச்சு பார், இனி விடாது" என்றாள்.

கடைசி நாள்தான் முக்கியம். வசதியுள்ள குடும்பங்கள் அன்று ஆளுக்கொரு பல்கலைக்கழகமாகப் பிரிந்து நிற்கும். தகப்பன் ஓரிடத்தில், சித்தப்பா ஓரிடத்தில், மாமா ஓரிடத்தில். பலகையைப் பார்த்துப் பார்த்துத் தொலைபேசியில் சொல்வார்கள். எங்கள் வாசலில் குக் என்ற மருந்துக்கடைக்காரர் வாக்கி டாக்கியோடு நின்றார். அவர் மனைவி வெளிவாசலில் காருக்குள் இன்னொன்றோடு இருந்தார். இருவருக்கும் நடுவே நூறு அடி.

"நூற்று எண்பது! நூற்று எண்பது! கேக்குதா?" என்று கத்துவார்.

"நேரா கேக்குதுங்க, மெஷினை அணைச்சுடுங்க" என்று அந்த அம்மாளின் குரல் இரண்டு வழியாகவும் வரும்.

மல்சுனுக்குச் சித்தப்பாவும் இல்லை, மாமாவும் இல்லை. பேருந்துகள் இருந்தன. மிஜா காலை வண்டியில் யோங்போ போய், வண்டி நிற்கும் நேரத்தில் பல்கலைக்கழகத்துக்கு ஓடிப் பலகையைப் பார்த்து, நிலையத்துத் தொலைபேசியில் ஹாசோங்குக்குச் சொல்ல வேண்டும். சாங்னேயிலிருந்து போக்ஹி. ஹாசோங் நிலையத்தில் தொலைபேசி, மேற்பார்வையாளர் பே என்பவரின் மேஜைமேல் பூட்டுப் போட்டு இருக்கும். சொந்தப் பேச்சுக்கு அதைத் தொட்டால் ஒரு நாள் சம்பளம் போகும். அன்று காலை அவரே பூட்டைத் திறந்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒரு பயணி வண்டி நேரம் கேட்டதற்கு, "யோவ், ஆபீஸ் வேலை நடக்குது, தெரியலையா?" என்றார். நிலையத்தில் நடந்ததை நான் மேற்பார்வையாளரிடமும் மல்சுனிடமும் பின்னாளில் தனித்தனியே கேட்டேன். இருவரும் சொன்னதில் ஒத்துப்போனதை மட்டும் எழுதுகிறேன்.

பன்னிரண்டு மணிக்கு ஹாசோங் பலகையில் 252. போக்ஹி சொன்னது, சாங்னேயில் 231. மிஜாவின் குரல் நாற்காலியில் சாய்ந்திருந்த மேற்பார்வையாளரையே நிமிர வைத்தது.

"டாக்டரம்மாகிட்ட சொல்லுங்க சார்! தொண்ணூத்தாறு! நூத்தி இருபது சீட்டுக்குத் தொண்ணூத்தாறு பேர்தான்! இங்க ஈ ஓட்டிக்கிட்டு இருக்காங்க!"

பே எழுந்து கைதட்டினார். விண்ணப்பம் வாங்குவதை நிறுத்தும் ஐந்து மணிக்குள் யோங்போ போய்ச் சேர கடைசி நல்ல வண்டி ஒன்று ஐம்பதுக்கு. "கிளம்பு, கிளம்பு. டிக்கெட் வேண்டாம். டிரைவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றார்.

மல்சுன் வேலை உடுப்போடே, மதியச் சோற்று டப்பாவையும் உறையையும் எடுத்துக்கொண்டு ஏறினாள். நான்காவது வரிசையில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. எட்டு வருடத்தில் அவள் பேருந்தில் இருக்கையில் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. உட்கார்ந்தவள் பழக்கத்தில் ஆட்களை எண்ணினாள். இருக்கை நிரம்பி, நடுவிலும் நின்றார்கள். ஜனவரி மாதம், வார நாள், மதியம். அந்த வண்டியில் மீன் வியாபாரிகள் பதினைந்து இருபது பேர் போவார்கள், அவ்வளவுதான். இன்று மீன்கூடை ஒன்றுகூட இல்லை. கம்பளிக் கோட்டு, மூக்குக் கண்ணாடி, பள்ளிச் சீருடை. ஏறக்குறைய எல்லோர் மடியிலும் பெரிய மஞ்சள் உறை. அவள் மடியிலும் அதே உறை.

ஜன்னல் வழியே பார்த்தாள். பக்கத்தில் இன்னொரு வண்டி; நெற்றியில் சாக்பீஸால் 'யோங்போ – சிறப்பு' என்று எழுதியிருந்தது. அதற்குப் பின்னால் மூன்றாவது வண்டியும் எஞ்சினைப் போட்டுக்கொண்டிருந்தது. அந்த வண்டிக்கும் ஆள் வரிசை. வரிசையைத் தாண்டிச் சாலையில் குக் குடும்பத்தின் கார் யோங்போ பக்கம் திரும்பிப் போனது.

அவள் எழுந்து, நிற்பவர்களை விலக்கிக்கொண்டு இறங்கினாள்.

பே ஓடி வந்தார். "ஏய், என்ன மறந்துட்டே?"

"ஒண்ணும் மறக்கல சார். நான் போகல."

"என்னது? பைத்தியமா உனக்கு? தொண்ணூத்தாறு!"

"அது பன்னண்டு மணிக்கு சார். இந்த மூணு வண்டியில எத்தனை கவர் போகுதுன்னு பாருங்க. நம்ம ஊர்ல இருந்தே மூணு வண்டி. சாங்னேல இருந்து எத்தனை? குவாங்ஜுல இருந்து எத்தனை? எல்லார் வீட்டுச் சுவத்துலயும் அதே தாள்தான் சார் தொங்குது. எல்லார் சித்தப்பாவும் அதே பலகையைத்தான் பார்க்கறாங்க."

"சரி, போகல. எங்க போடுவே? இங்கயா? இங்க கடைசி மார்க்கு உன்னோடதைவிட மூணு அதிகம்டி!"

"போன வருஷம்."

"போன வருஷம்னா? இந்த வருஷம் குறையும்னு உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல." அவள் வண்டிகளின் பக்கம் கையைக் காட்டினாள். "இங்க கொடுக்க இருந்தவங்க எல்லாம் இப்ப இந்த வண்டியில உக்காந்திருக்காங்க சார். அது மட்டும்தான் எனக்குத் தெரியுது."

வண்டியின் நடத்துநர் புதுப் பெண். கூட்டத்தில் கதவை மூட முடியாமல் திணறினாள். மல்சுன் வெளியிலிருந்து தோளால் கடைசி ஆளை உள்ளே தள்ளினாள். இரண்டு தட்டுத் தட்டினாள். ஒன்று ஐம்பது வண்டி அவளில்லாமல் போனது.

எங்கள் கட்டடத்துக்கு அவள் வந்தபோது மணி இரண்டரை இருக்கும். நீல உடுப்பில் ஒரு நடத்துநர் பெண் தாழ்வார நாற்காலியில் உட்கார்ந்ததைப் பார்த்து, யாரோ பயணி விட்டுப்போன பொருளைக் கொடுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். காலையில் தாழ்வாரத்தில் நடக்க இடமில்லை. இப்போது இருபது பேர்கூட இல்லை. தரையில் வேர்க்கடலைத் தோலும் செய்தித்தாளும் கிடந்தன. அவள் உறையை மடியில் வைத்துக்கொண்டு பலகையையே பார்த்தாள். கொடுக்கவில்லை. நான்கு மணிக்கு நான் கடைசியாக எழுதிய எண் 255. நான்கு மணி நேரத்தில் மூன்று பேர்.

அவள் எழுந்து போய் நாணயத் தொலைபேசியில் பேருந்து நிலையத்தைக் கூப்பிட்டாள். பே பேசிய சத்தம் தாழ்வாரத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது.

"மிஜா இப்பதான் பண்ணினா! நானூறைத் தாண்டிடுச்சாம்! வரிசை வெளிகேட் வரைக்கும் நிக்குதாம்! நீ அந்த வரிசையில நிக்கறேன்னு நெனச்சு அழுதுக்கிட்டே தேடிக்கிட்டு இருக்கா அந்தப் பொண்ணு!"

"அவகிட்ட நான் இங்க இருக்கேன்னு சொல்லுங்க சார்."

"இன்னும் போடலையா நீ? மணி என்ன ஆச்சு? போடுடி!"

அவள் வந்து என் ஜன்னலுக்கு முன்னால் இருந்த மேஜையில் எல்லாவற்றையும் பரப்பினாள். ஹாசோங் விண்ணப்பத்தை முன்பே எழுதி வைத்திருந்தாள். படம் மட்டும் இல்லை. யோங்போ தாளிலிருந்து நகத்தால் மெதுவாகப் படத்தை உரித்தாள். ஒரு மூலை லேசாகக் கிழிந்தது. எங்கள் பசை டப்பாவில் பசை காலையிலேயே தீர்ந்திருந்தது. சோற்று டப்பாவைத் திறந்து, நான்கு பருக்கைகளை எடுத்து விரலால் நசுக்கித் தடவி ஒட்டினாள். பிறகு உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள்.

"போதும்மா, காய்ஞ்சிருக்கும்" என்றேன்.

"விழுந்துடாதுல்ல சார்?"

விதியில், படம் ஒட்டப்பட்டிருக்க வேண்டும் என்று இருக்கிறது. எதனால் என்று இல்லை. வாங்கி முத்திரை போட்டேன். விண்ணப்ப எண் 259.

"மார்க் மூணு கம்மி சார் எனக்கு" என்றாள், நான் கேட்காமலே.

"எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா. நான் வாங்கறவன்தான்."

"தெரியும் சார். யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு."

ஐந்து மணிக்கு ஜன்னலை மூடினோம். ஹாசோங்கில் மொத்தம் 261. யோங்போவில் 538 என்று இரவுச் செய்தியில் சொன்னார்கள்.

அடுத்த வாரம் நேர்முகம். உடற்கூறியல் பேராசிரியர் நோ சிரித்துக்கொண்டே வெளியே வந்ததை அன்றுதான் பார்த்தேன். அவரே என்னிடம் சொன்னார். விண்ணப்பத்தில் படம் மேடாக இருப்பதைத் தடவிப் பார்த்து, "இது ஏம்மா வீங்கியிருக்கு?" என்று கேட்டிருக்கிறார்.

"சோறு சார்."

"சரி. எங்க கல்லூரியை ஏன் தேர்ந்தெடுத்தே?"

முன்னால் வந்த பிள்ளைகள் எல்லோரும் எங்கள் கல்லூரியின் பெருமையை மனப்பாடமாக ஒப்பித்துவிட்டுப் போயிருந்தார்கள். இவள், "யோங்போ பஸ் நிரம்பியிருந்துச்சு சார்" என்றாளாம்.

"அதனால இங்க வந்துட்டியா?"

"ஆமா சார். டோன்கோல் பக்கம் போறதுக்கு எந்த ஊர்ல படிச்சாலும் ஒண்ணுதான். படிச்சுட்டுப் போகணும், அவ்வளவுதான்."

"டோன்கோல்ல என்ன இருக்கு?"

"மிளகாய் இருக்கு சார். டாக்டர் இல்ல."

முடிவு வெளியான நாள் சனிக்கிழமை. தூரிகையால் எழுதிய நீளத் தாள்களை விளையாட்டுத் திடலில் மரப்பலகைகளில் ஆணி அடித்து வைத்தோம். மல்சுன் காலை வண்டியை முடித்துவிட்டுக் காசுப் பையோடேயே வந்தாள். அவளோடு மிஜாவும் போக்ஹியும். மிஜாதான் முதலில் கண்டுபிடித்தாள். "இருநூத்தி அம்பத்தொம்பது! தாக் மல்சுன்! ஏய், டாக்டரம்மா!" என்று கத்திக்கொண்டு மல்சுனின் முதுகில் அடித்த அடியில், பை திறந்து காசெல்லாம் பனியில் சிதறியது. மூன்று பேரும் முழங்காலிட்டுப் பொறுக்கினார்கள். சுற்றி இருந்த அந்நியர்களும் பொறுக்கிக் கொடுத்தார்கள்.

அந்த ஆண்டு எங்கள் கடைசி மதிப்பெண் 280. யோங்போவின் கடைசி மதிப்பெண் 287. குக் வீட்டுப் பையனுக்கு 283. ஹாசோங்கில் கொடுத்திருந்தால் கிடைத்திருக்கும். அவன் அடுத்த ஆண்டு சாங்னேயில் சேர்ந்து, இப்போது எலும்பு மருத்துவராக நன்றாக இருக்கிறான். அடுத்த ஆண்டு அச்சான தாளில் ஹாசோங் சுலபம், யோங்போ கடினம் என்று இருந்தது. கடைசி நாள் மதியம் எங்கள் வாசலுக்குச் சிறப்புப் பேருந்துகள் வந்தன. அன்று நான் 611 விண்ணப்பங்கள் வாங்கினேன்.

மல்சுனுக்குப் படிப்பு எளிதாக இல்லை. முதல் ஆண்டு இரண்டு பாடங்களில் தவறி மறுபடி எழுதினார். கட்டணத்துக்கு மாலையில் பேருந்து நிலையத்துப் பொருள் வைக்கும் அறையில் வேலை பார்த்தார். அந்த வேலையைக் கொடுத்தது பே. "எல்லாரும் உள்ள போயி உக்காந்தாங்க, நான் கதவைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டே ஏறினவ" என்று தன்னைப் பற்றிச் சொல்வார். 1992-இல் டோன்கோல் சுகாதார நிலையத்துக்குப் போனார். அங்கே போகிறவர்கள் ஓராண்டில் மாற்றல் வாங்கிக்கொண்டு திரும்புவது வழக்கம். அவர் இருபத்தெட்டு ஆண்டுகள் இருந்தார்.

ஒரு நிகழ்ச்சியை மட்டும் வரிசை மாற்றிக் கடைசியில் வைத்திருக்கிறேன். முடிவு வெளியானதற்கு மறுநாள் நடந்தது அது. டோன்கோலில் அப்போது தொலைபேசி இல்லை. ஓட்டுநர் மா சனிக்கிழமை மாலையே வழிநெடுக நிறுத்தங்களில் ஜன்னலைத் திறந்து செய்தி சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். மா வண்டியை நிறுத்திவிட்டு நடந்து போவதற்குள் மல்சுனின் தாயார் வீட்டுக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த அம்மாள் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் வண்டியில் தனியாகவே புறப்பட்டு வந்துவிட்டார்.

திடலில் யாரும் இல்லை. பனி விழுந்து மை கரைய ஆரம்பித்திருந்தது. தாள்களைக் கழற்றிக் கோப்பில் சேர்க்க நான் ஆணி பிடுங்கும் கருவியோடு போயிருந்தேன். தலையில் துணி கட்டிய ஒரு அம்மாள் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, எனக்குப் படிக்கத் தெரியாது. தாக் மல்சுன்னு இதுல இருக்கா?"

காட்டினேன். அவர் தொடவில்லை. கையை அதற்குக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.

"இதேதானா? இன்னொரு மல்சுன் இருக்காதே?"

"எண்ணும் சரியா இருக்கும்மா. அந்த விண்ணப்பத்தை வாங்கினது நான்தான்."

"அப்ப அவ இனிமே பஸ்ல வேலைக்குப் போகமாட்டாளா?"

"மாட்டாங்க."

"பூசானுக்கும்?"

"போக வேண்டியதில்லம்மா."

அவர் பிறகு விரலை மேலே நகர்த்தினார். "இவளுக்கு மேல இருக்கறது யாரு?"

"ஒரு பையன். தேகு பக்கம்."

"கீழே?"

"அது ஒரு பொண்ணு."

"பொண்ணா? நல்லதாப் போச்சு. துணைக்கு ஆச்சு." அவர் தாளின் முழு நீளத்தையும் ஒருமுறை பார்த்தார். "இந்தப் பிள்ளைங்களோட அம்மாமாருங்க எல்லாம் வந்து பார்த்தாச்சா?"

"நேத்தே எல்லாரும் வந்து பார்த்துட்டுப் போயிட்டாங்கம்மா."

"அப்ப கழட்டிக்கங்க ஐயா. நனையுது பாருங்க. இந்த ஓரத்தை நான் பிடிச்சுக்கறேன்."